வீரர் அணிந்த பழைய பேஸ்பால் ஜெர்சி: சோதிப்பதும் சேர்ப்பதும்

பழைய பேஸ்பால் ஜெர்சி ஒன்று விற்பனைக்கு வந்தால் கூடவே ஒரு சான்றிதழும் ஒரு கதையும் வரும். இரண்டையும் ஓரமாக வைத்துவிட்டு, சட்டையை உள்பக்கம் வெளியே வருமாறு திருப்பிப் போட்டுப் பார்க்க ஆரம்பியுங்கள். காகிதத்தை யார் வேண்டுமானாலும் அச்சடித்துவிடலாம். ஐம்பது வருஷத்து வெயிலும் வியர்வையும் சலவையும் படிந்த தையலைப் புதிதாகச் செய்வது ரொம்பக் கஷ்டம்.

ஒரு விதியை மட்டும் கடைசி வரை விடக் கூடாது. துணி, லேபிள், நூல், கறை ஆகியவற்றைப் பார்த்து 'இது பொய்' என்று சொல்லிவிடலாம். 'இன்னார்தான் இதை அணிந்தார்' என்று சொல்ல முடியாது. அதைச் சொல்வதற்கு, அந்த வீரர் ஆடும்போது எடுத்த புகைப்படத்தில் இதே சட்டை கண்ணில் பட வேண்டும். அதனால் ஐந்து நிமிஷத்தில் பொய்யைக் காட்டிக்கொடுக்கும் சோதனைகளை முதலில் செய்யுங்கள். அவற்றில் தப்பிய சட்டைக்கு மட்டும் புகைப்படம் தேடி நேரம் செலவிடுங்கள்.

புகைப்படப் பொருத்தம் எவ்வளவு பெறும் என்பதற்கு நியூயார்க் யாங்கீஸ் அணியின் நட்சத்திரம் பேப் ரூத்தின் சட்டை ஒன்றே போதும். 1932 அக்டோபர் 1 அன்று சிகாகோ ரிக்லி ஃபீல்டில் நடந்த உலகத் தொடரின் மூன்றாவது ஆட்டத்தில், பந்து எங்கே போய் விழும் என்று கையைக் காட்டிவிட்டு அடித்தார் என்று இன்றும் பேசப்படும் அந்த ஹோம் ரன் (ஆடுகள எல்லைக்கு வெளியே போகும் அடி) அன்று அவர் அணிந்திருந்த சாம்பல் நிறச் சட்டை அது. 2005-ல் 9 லட்சத்து 40 ஆயிரம் டாலருக்குப் போனது. பிறகு அந்த ஆட்டத்தில் எடுத்த படங்களோடு பொருத்திப் பார்த்து உறுதி செய்தார்கள். 2024 ஆகஸ்டில் அதே சட்டை 2 கோடியே 41 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. இடைப்பட்ட காலத்தில் சந்தையே ஏறியது உண்மைதான். ஆனால் அந்த ஒரு நாளோடு சட்டையைக் கட்டிப்போட்டது புகைப்படம்தான்.

கையில் இருக்க வேண்டியவை கொஞ்சம்தான்: பத்து மடங்கு பெரிதாக்கும் லூப், 365 நானோமீட்டர் புறஊதா டார்ச், தையற்காரர் டேப், பக்கவாட்டில் சாய்த்துப் பிடிக்கக்கூடிய மேசை விளக்கு. கையை சோப்புப் போட்டுக் கழுவி நன்றாக உலர்த்திக்கொள்ளுங்கள். மோதிரம், வாட்ச் கழற்றிவிடுங்கள். பழைய ஃபெல்ட் (கம்பளியை அழுத்திச் செய்த தடித்த துணி) எழுத்தில் ஒரு நூல் மாட்டி இழுத்தால் போச்சு.

துணி

பெரிய லீக் (மேஜர் லீக்) அணிகள் 1970 வரை ஃபிளானல்தான் அணிந்தன. கம்பளி, அல்லது கம்பளியும் பருத்தியும் கலந்தது. 1960-களில் ஆர்லான் என்ற செயற்கை இழையும் கலந்தார்கள். 1970 ஜூலை 16 அன்று பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணி, புதிதாகத் திறந்த த்ரீ ரிவர்ஸ் மைதானத்தில் தலைவழியே மாட்டும் டபுள்-நிட் (இரட்டைப் பின்னல்) பாலியஸ்டர் சட்டையோடு இறங்கியது. 1973-க்குள் எல்லா அணிகளும் அதற்கு மாறிவிட்டன. ஆகவே 1965 என்று சொல்லி வரும் டபுள்-நிட் சட்டையை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிடலாம்.

கம்பளியா பாலியஸ்டரா என்று விரல் பெரும்பாலும் சொல்லிவிடும். சந்தேகம் இருந்தால் உள்தையல் ஓரத்தில் தானாகக் கழன்று நிற்கும் இழை ஒன்றை மட்டும் எடுத்துப் பொசுக்கிப் பாருங்கள். கம்பளி, முடி கருகும் வாடையோடு நொறுங்கும் சாம்பலாகும். பருத்தி, காகிதம் எரிகிற வாடை அடிக்கும். பாலியஸ்டர் உருகி, ஆறியதும் கெட்டியான மணியாகிவிடும். இதற்காகக் கத்தரிக்கோலைத் தொடாதீர்கள். விலை உயர்ந்த சட்டை என்றால் எரிக்கவும் வேண்டாம்; நுண்ணோக்கியில் கம்பளி இழையின் செதிலும் பருத்தியின் முறுக்கும் தெளிவாகத் தெரியும்.

அடுத்தது புறஊதா டார்ச். இதைத் தப்பாகப் புரிந்துகொண்டு நல்ல சட்டையைத் தள்ளிவிடுகிறவர்கள் நிறைய. சலவைப் பொடியில் வெண்மை கூட்டும் ரசாயனம் இரண்டாம் உலகப் போருக்குப் பின்புதான் பரவலானது. ஆனால் 1938-ல் தைத்த சட்டையை 1975-ல் யாராவது வீட்டில் துவைத்திருந்தாலும் துணி முழுக்க மங்கலாக நீலம் அடிக்கும். அது குற்றமல்ல. கவனிக்க வேண்டியது ஏற்றத்தாழ்வை. தோள் தையல், அக்குள் தையல், அடிமடிப்பு எல்லாம் ஒரே மாதிரி அடங்கிக் கிடக்க, முதுகு எண்ணைச் சுற்றிய நூல் மட்டும் பளிச்சென்று மின்னினால் அந்த எண் பின்னால் வந்தது.

ஆண்டுக்கும் அமைப்புக்கும் பொருத்தம்

சட்டைக்குச் சொல்லப்படும் வருஷத்தையும் அதன் மேல் இருப்பவற்றையும் ஒப்பிட்டுப் பாருங்கள். முதுகில் நிரந்தரமாக எண் போடுவது 1929-ல் யாங்கீஸ், கிளீவ்லேண்ட் அணிகளில் தொடங்கியது. ரூத்துக்கு 3, சக வீரர் லூ கெரிக்குக்கு 4 என்று அடிக்கும் வரிசைப்படி கொடுத்தார்கள். எனவே 1927 ரூத் சட்டையில் 3 இருக்க வழியில்லை. முதுகில் பெயர் போட்டது 1960-ல் சிகாகோ வைட் சாக்ஸ்; யாங்கீஸ் தங்கள் வழக்கமான சீருடையில் இன்று வரை பெயர் போடவில்லை. புரூக்ளின் டாட்ஜர்ஸ் சட்டையின் முன்பக்கச் சிவப்பு எண் 1952-ல்தான் வந்தது. 1949-ல் டாட்ஜர்ஸ் வீரர் ஜாக்கி ராபின்சன் அணிந்தது என்று சொல்லி சிவப்பு எண்ணோடு வந்தால் அத்தோடு பேச்சு முடிந்தது. ஜிப் வைத்த சட்டையை 1937-ல் முதலில் அணிந்தது சிகாகோ கப்ஸ்.

சட்டைக் கையில் தைத்த சின்னங்களும் காலம் சொல்லும். 1939-ல் பேஸ்பால் நூற்றாண்டுச் சின்னத்தை எல்லா அணிகளும் அணிந்தன. 1951-ல் இரு பெரிய லீகுகளில் ஒன்றான நேஷனல் லீக்கின் 75-ஆம் ஆண்டு, 1969-ல் தொழில்முறை ஆட்டத்தின் நூற்றாண்டு, 1976-ல் நேஷனல் லீக் நூற்றாண்டு என்று வரிசையாக உண்டு. இருக்க வேண்டிய வருஷத்தில் சின்னம் இல்லையென்றால் உடனே ஒதுக்காதீர்கள். அது இருந்த இடத்தில் ஊசித்துளை வட்டமாகத் தெரிகிறதா என்று கைப்பகுதியை விளக்கில் பாருங்கள். பிரித்து எடுத்திருப்பார்கள். கூப்பர்ஸ்டவுனில் உள்ள பேஸ்பால் அருங்காட்சியகமான ஹால் ஆஃப் ஃபேம் ஆண்டுவாரியாக, அணிவாரியாக வரைந்து இணையத்தில் வைத்திருக்கும் சீருடைப் படங்கள் இந்த வேலைக்கு நல்ல தொடக்கம்.

எழுத்துப்பிழை பார்த்து மட்டும் 'போலி' என்று சொல்லிவிடாதீர்கள். 1960-ல் வைட் சாக்ஸ் வீரர் டெட் குளூஷெவ்ஸ்கியின் முதுகில் ஒரு எழுத்து திரும்பியும் இன்னொரு எழுத்து மாறியும் போய், அப்படியே ஆடினார். 2009-ல் வாஷிங்டன் நேஷனல்ஸ் வீரர்கள் இருவர் அணியின் பெயரில் ஒரு எழுத்து விடுபட்ட சட்டையோடு இறங்கினார்கள். இப்படிப்பட்ட பிழை, படத்தில் பொருத்திப் பார்க்க மிகச் சிறந்த அடையாளம்.

லேபிள்

ஸ்பால்டிங், ராலிங்ஸ், வில்சன், மக்கிரெகர் ஆகிய பெயர்கள்தான் ஃபிளானல் காலத்தில் அதிகம் கண்ணில் படும். ஒவ்வொரு நிறுவனமும் லேபிளின் வடிவம், நிறம், எழுத்து ஆகியவற்றைச் சில வருஷத்துக்கு ஒருமுறை மாற்றியது. அதே அணி, அதே வருஷம், ஏற்கெனவே உறுதியான வேறு வீரரின் சட்டைப் படத்தைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள்.

அமெரிக்கச் சட்டமும் நமக்குக் கைகொடுக்கும். கம்பளித் துணி உற்பத்தியாளர்களுக்கு 1941 முதல் 1959 வரை டபிள்யூபிஎல் (WPL) என்று தொடங்கும் பதிவெண் கொடுத்தார்கள். 1959 முதல் அதற்குப் பதிலாக ஆர்என் (RN) என்ற பதிவெண் 13670-லிருந்து ஓடுகிறது. துவைக்கும் முறையைச் சொல்லும் நிலையான குறிப்பு 1972 ஜூலையில்தான் கட்டாயமானது. 1950-களின் சட்டை என்று வந்ததன் உள்ளே 'வெந்நீரில் துவைக்காதீர்கள்' என்று தைத்திருந்தால் அதற்கு மேல் விசாரிக்க ஒன்றுமில்லை.

லேபிள் உண்மையானதாகவே இருக்கலாம்; ஆனால் வேறு சட்டையிலிருந்து வந்திருக்கலாம். மோசடியில் அதிகம் நடப்பது இதுதான். ஒரு பக்கம் கழன்றிருந்தால் லேபிளின் மூலையை மெல்லத் தூக்கி அடியில் பாருங்கள். ஆரம்பம் முதல் அங்கேயே இருந்த லேபிள் என்றால் அடியில் உள்ள துணி வெளுக்காமல், அழுக்குப் படாமல், சுற்றுப்புறத்தை விட ஒரு படி புதிதாக, ஓரம் வெட்டியது போல நிற்கும். சுற்றிலும் உள்ள அதே பழுப்பு லேபிளின் அடியிலும் பரவியிருந்தால், துணி பழுத்த பிறகு லேபிள் வந்திருக்கிறது. தைத்த நூலுக்கு வெளியே ஆளில்லாத ஊசித்துளைகள் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். மிட்செல் அண்ட் நெஸ், எபெட்ஸ் ஃபீல்ட் ஃபிளானல்ஸ் போன்ற நிறுவனங்கள் பழைய மாதிரிச் சட்டைகளை நகல் என்று சொல்லியே நேர்மையாக விற்கின்றன. அவற்றின் லேபிளைப் பிரித்துவிட்டுப் பழைய லேபிளை ஒட்டித் தைக்கும் வேலையை மூன்றாம் கை செய்கிறது.

வீரரின் பெயர் கழுத்துப்பட்டியிலோ அடிமடிப்பிலோ சங்கிலித் தையலில் இருக்கும். அதோடு எண், சில சமயம் ஆண்டும் இருக்கும். அதன் பின்பக்கத்தைப் பாருங்கள். சட்டை பழையது, பெயர் புதியது என்றால் நூல் துணிக்குள் அமுங்காமல் மேலாக உட்கார்ந்திருக்கும்.

பிரித்து மறுபடி தைத்த சட்டைகள்

ஃபிளானல் சேர்ப்பவர்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான். ஒரு வீரருக்கு ஒரு பருவத்துக்கு வழக்கமாகச் சொந்த ஊருக்கு இரண்டு, வெளியூருக்கு இரண்டு செட். பருவம் முடிந்ததும் சட்டையைத் தூக்கிப் போட மாட்டார்கள். அணியின் பெயரைப் பிரித்து எடுத்து, கீழ்நிலை லீக்கில் உள்ள கிளை அணிக்கு அனுப்புவார்கள். அங்கே வேறு பெயர், வேறு எண். பல வருஷம் கழித்து ஒருவர் அதை வாங்கி, பழைய எழுத்தை மறுபடி தைத்து 'அசல்' ஆக்கியிருப்பார். அதைச் சொல்லி விற்றால் குற்றமில்லை. சொல்லாமல் விற்றால், பணத்தில் பெரும்பகுதி கொடுத்தவர் கையை விட்டுப் போனது போலத்தான்.

இருட்டறையில் விளக்கைத் துணிக்குக் கிட்டத்தட்ட படுக்கையாகப் பிடித்து மார்புப் பகுதியைப் பாருங்கள். பிரித்த எழுத்து ஒரு நிழலை விட்டுப் போயிருக்கும். எழுத்து மூடியிருந்த இடத்தில் வெயில் படாததால் துணி கொஞ்சம் அடர்ந்த நிறம். அதன் வரம்பில் இரட்டை வரிசையில் கோணல்மாணலாக ஜிக்ஸாக் துளைகள். சில துளைகளில் அரை மில்லிமீட்டர் நூல் துணுக்கு இன்னும் ஒட்டியிருக்கும். இப்போதுள்ள எழுத்து அந்த நிழலின் மேல் சரியாக உட்காருகிறதா? ஒரு மில்லிமீட்டர் விலகினாலும் ஓரத்தில் பழைய துளை எட்டிப் பார்க்கும். அடுத்து உள்பக்கம்: ஃபெல்ட் எழுத்தும் ஃபிளானலும் சேர்ந்தே பலமுறை துவைபட்டிருந்தால் இரண்டும் வெவ்வேறு அளவில் சுருங்கி, எழுத்தின் பின்னால் துணி சின்னச் சின்னதாக முகம் சுளித்திருக்கும். நேற்றுத் தைத்த எழுத்தின் பின்னால் துணி இஸ்திரி போட்டது போலத் தட்டையாக இருக்கும். மொழுமொழுவென்று ரோமம் அப்படியே நிற்கும் ஃபெல்ட்டும், தேய்ந்து நூல் தெரியும் கழுத்துப்பட்டியும் ஒரே சட்டையில் இருக்க நியாயமில்லை.

முதுகு எண்ணுக்குக் கூடுதல் நேரம் கொடுங்கள். யாருக்கும் தெரியாத வீரர் ஒருவரின் 27-ல் 2-ஐப் பிரித்துவிட்டு 7-ஐ நடுவே நகர்த்தினால், 7 அணிந்த யாங்கீஸ் நட்சத்திரம் மிக்கி மாண்டிலின் சட்டை தயார். அப்படிச் செய்திருந்தால், தள்ளித் தள்ளி இரண்டு எண்களின் நிழல் அடியில் இருந்தே தீரும்.

தேய்மானம்

வீரர் அணிந்த சட்டை எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தேயாது. கழுத்துப்பட்டியின் உள்விளிம்பு, அக்குள், காஜா ஓரம், பேண்ட்டுக்குள் சொருகும் அடிப்பகுதி ஆகியவை முதலில் போகும். மட்டையைத் தோளில் சாய்த்து நிற்பவருக்கு அந்தத் தோளில் பைன் தார் (மட்டையில் பிடிமானத்துக்குப் பூசும் பிசின்) கறை. சறுக்கி விழுந்தவருக்கு ஒரு பக்கமாகக் கிழிசலும், அதை அணியின் உடைப்பொறுப்பாளர் அவசரமாக அடைத்த தையலும். அந்த அவசரத் தையல்தான் நமக்குப் பொக்கிஷம்; ஒருபோதும் பிரித்துச் சரிசெய்யாதீர்கள்.

செயற்கைத் தேய்மானம் தன்னைத்தானே காட்டிக்கொடுக்கும். உப்புத்தாளால் தேய்த்தால் மேடான இழைகள் மட்டும் ஒரே திசையில் பஞ்சடிக்கும். டீத்தண்ணீரில் முக்கி எடுத்தால் பழுப்பு சீராகப் பரவி, தையலின் உள்மடிப்பிலும் லேபிளின் அடியிலும்கூட ஏறியிருக்கும். உண்மையான வெளிறல் அங்கே போகாது.

டபுள்-நிட் காலத்தின் தனிச் சிக்கல்

1980-களின் பிற்பகுதியிலிருந்து, அணிகளுக்குச் சட்டை கொடுத்த நிறுவனங்களே கிட்டத்தட்ட அதே சட்டையைக் கடைகளிலும் விற்கத் தொடங்கின. துணி சரி, லேபிள் சரி, எண் சரி. ஆனால் ஆடுகளத்தையே பார்த்திராத சட்டை. விற்பனையாளரின் மாதிரிச் சட்டைகளும், அணி தைத்து வைத்து வீரர் அணியாமலே விட்டவையும் இதே ரகம். ஆகவே இந்தக் காலத்துச் சட்டைக்கு ஆண்டைக் காட்டும் பட்டை, எத்தனையாவது செட் என்ற எண், உடல்நீளம் கூட்டியதைச் சொல்லும் குறிப்பு ஆகியவை அந்த அணியின் வழக்கத்தோடு ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். வீரரின் அளவும் சரியாக வர வேண்டும். மார்பை அக்குளிலிருந்து அக்குள் வரை அளந்து இரண்டால் பெருக்குங்கள். லேபிளில் உள்ள அளவிலிருந்து அதிகம் விலகினால் காரணம் தேடுங்கள்.

மேஜர் லீக் பேஸ்பால் தன் சொந்தச் சான்றுத் திட்டத்தை 2001-ல் தொடங்கியது. ஆட்டம் நடக்கும்போதே ஆள் நின்று பார்த்து ஹோலோகிராம் ஒட்டுவார்கள். எண்ணை லீகின் தளத்தில் போட்டுப் பார்த்தால் விவரம் வரும். தளத்தில் வரும் வீரரும் தேதியும் உங்கள் கையில் உள்ளதோடு ஒத்துப்போக வேண்டும். ஸ்டிக்கரின் மூலை தூக்கியிருந்தால் நகர்ந்துவிடுங்கள். 2001-க்கு முந்தைய ஆட்டச் சட்டைக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது.

புகைப்படத்தோடு பொருத்துதல்

இரண்டு சொற்களைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். படத்தில் இருக்கும் சட்டையும் இதுவும் ஒரே மாதிரி என்றால் அது பாணிப் பொருத்தம். அதே அணியின் இருபத்தைந்து சட்டைகளும் அப்படித்தான் இருக்கும். இதே சட்டைதான் என்று காட்டுவது புகைப்படப் பொருத்தம். விற்பவரின் கடிதத்தில் 'ஒத்துப்போகிறது' என்று எழுதியிருந்தால் முதல் வகை என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

மெல்லிய கோடு போட்ட சட்டைதான் பொருத்துவதற்கு எளிது. துணியை வெட்டும்போது கோடு எங்கே விழும் என்று யாரும் அளந்து வெட்டுவதில்லை. எழுத்தின் மேல் நுனியைக் கோடு தொடுகிறதா, நடுவில் வெட்டுகிறதா, இரண்டாம் பொத்தானுக்கு இடப்பக்கம் எத்தனை கோடு, தோள் தையலில் முன்கோடும் பின்கோடும் சேர்கின்றனவா விலகுகின்றனவா: இவை எல்லாம் ஒரு சட்டைக்கு ஒரு விதம். கைரேகை போலத்தான். கோடு இல்லாத சட்டையில், பொத்தான் பட்டியிலிருந்து எழுத்தின் தூரம், எழுத்துகளின் சாய்வு, தையல் பிசிறு, அடைத்த கிழிசல், போகாத கறை ஆகியவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். வலைத்துணியில் எண்ணின் ஓரம் எத்தனையாவது துளையை வெட்டுகிறது என்று எண்ணலாம்.

வேலை இப்படிப் போகட்டும்:

1. சட்டையைத் தட்டையாக விரித்து, நேர் மேலிருந்து, மார்பு, முதுகு, இரு தோள், இரு கை என்று தனித்தனியாகப் படமெடுங்கள். பக்கத்தில் ஓர் அளவுகோல் இருக்கட்டும்.
2. வேறெங்கும் இருக்க வாய்ப்பில்லாத அடையாளங்கள் எட்டுப் பத்தை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். படத்தைப் பார்த்த பிறகு எழுதினால் மனம் தனக்கு வேண்டியதைத்தான் பார்க்கும்.
3. கெட்டி இமேஜஸ், அசோசியேட்டட் பிரஸ், ஹால் ஆஃப் ஃபேம் நூலகம் ஆகியவற்றில் அந்த வருஷத்துப் படங்களைத் தேடுங்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்துப் படங்களுக்கு லைப்ரரி ஆஃப் காங்கிரஸில் உள்ள பெயின் தொகுப்பு இலவசம். நாளிதழில் அச்சான படம் புள்ளி புள்ளியாகிவிடும். நெகட்டிவிலிருந்து எடுத்த பெரிய பிரதி வேண்டும்.
4. படம் இடவலம் மாறி அச்சாகியிருக்கிறதா என்று பொத்தான் பட்டியைப் பாருங்கள். ஆண் சட்டையில் அணிந்தவரின் இடப்பக்கம் மேலே வரும்.
5. படத்தின் தேதிக் குறிப்பை நம்பாதீர்கள். எதிரணி, மைதானச் சுவர், ஸ்கோர்போர்டு ஆகியவற்றை ஆட்டப் பதிவோடு ஒப்பிட்டு நாளை நீங்களே நிறுவுங்கள்.
6. குறைந்தது மூன்று தனி அடையாளங்கள் பொருந்த வேண்டும். பொருந்தாதது ஒன்றுகூட இருக்கக் கூடாது. துணி மடிந்ததால் தெரியவில்லை என்பது வேறு. தெரிந்தும் மாறுபடுவது வேறு. பின்னதற்கு ஒரே விதிவிலக்கு, படம் எடுத்த பிறகு நடந்த பழுதுபார்ப்பு. அப்போதும் பழுதின் தடயம் சட்டையில் இருக்க வேண்டும்.

ஒரு நாள் படத்தோடு பொருந்தினால் அந்த ஒரு நாளுக்குத்தான் சான்று. இன்னொரு செட்டும் இருந்ததால், 'அந்தப் பருவம் முழுக்க இதுதான்' என்று யாராவது எழுதினால் அடுத்த படத்தைக் கேளுங்கள். மெய்கிரே, ரெசல்யூஷன் போன்ற நிறுவனங்கள் கட்டணத்துக்குப் பொருத்திப் பார்த்துக் கடிதம் தருகின்றன. அந்தக் கடிதத்தில் படங்களும் அம்புக்குறிகளும் இருக்கும். அவற்றை ஒவ்வொன்றாக நீங்களும் சரிபாருங்கள்.

வாங்கும்போது

ஏலத்தில் நீங்கள் சொல்லும் விலையின் மேல் வாங்குபவர் கட்டணம் பெரும்பாலும் 20 சதவீதம் அளவில் சேரும். அதைக் கழித்துக்கொண்டு உச்ச விலையை முடிவு செய்யுங்கள். பிற்பாடு போலி என்று தெரிந்தால் எத்தனை நாளைக்குள் பணம் திரும்பும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். புதிதாகத் தொடங்குகிறவர்கள் நட்சத்திர வீரர் பக்கமே போக வேண்டாம். பெயர் தெரியாத வீரரின் பிரிக்கப்படாத ஃபிளானல் ஒன்று, அதே பணத்தில் வாங்கும் சந்தேகமான நட்சத்திரச் சட்டையை விட நூறு மடங்கு கற்றுக்கொடுக்கும். அசல் தையல் எப்படி இருக்கும் என்று விரலுக்குத் தெரிந்துவிட்டால் பிறகு போலி உறுத்தும்.

வைத்திருப்பது

துவைக்கக் கூடாது, ட்ரை கிளீனிங்கும் கூடாது. கறையும் மண்ணும் சான்றுகள். கம்பி ஹேங்கரில் தொங்கவிட்டால் ஃபிளானல் தன் எடையாலேயே தோளில் கிழியும். அமிலமில்லாத அட்டைப்பெட்டியில் படுக்கையாக வைத்து, மடிப்பு விழும் இடங்களில் அமிலமில்லாத டிஷ்யூ தாளை உருட்டி வையுங்கள். கடைப் பிளாஸ்டிக் உறை வேண்டாம். அறை 20 டிகிரி, ஈரப்பதம் 50 சதவீதம் என்ற அளவில் இருக்கட்டும். சென்னை மாதிரிக் கடலோர ஊரில் ஈரப்பதம் உறிஞ்சும் கருவி இல்லாமல் அது நடக்காது, கம்பளியில் பூஞ்சை பிடித்துவிடும். சட்டம் போட்டு மாட்டுவதானால் புறஊதா தடுக்கும் அக்ரிலிக், வெளிச்சம் 50 லக்ஸ்.

புதிதாக வந்த கம்பளிச் சட்டை எதையும் நேராகப் பெட்டியில் மற்றவற்றோடு சேர்க்காதீர்கள். அந்துப்பூச்சி முட்டை கண்ணுக்குத் தெரியாது. டிஷ்யூவில் சுற்றி, பாலித்தீன் பையில் காற்றை வெளியேற்றி மூடி, மைனஸ் 20 டிகிரி ஃப்ரீசரில் ஒரு வாரம் வையுங்கள். எடுத்த பின் 24 மணி நேரம் பையைத் திறக்காமல் வெளியே விடுங்கள். அவசரப்பட்டுத் திறந்தால் அறைக் காற்றின் ஈரம் குளிர்ந்த துணியில் வேர்த்துவிடும். கடைசியாக, முதலில் எடுத்த அளவுகோல் படங்களையும் அடையாளப் பட்டியலையும் விற்பனை ரசீதோடு சேர்த்து வேறு இடத்தில் பத்திரப்படுத்துங்கள். சட்டை திருடு போனாலோ, சோதனைக்கு அனுப்பி வேறு சட்டை திரும்பி வந்தாலோ, அது உங்களுடையது என்று காட்ட அந்தக் கோடுகள்தான் சாட்சி.